கம்பு சுற்றினால் போதுமா? தொட வேண்டாமா?

சிலிபினில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மாலை. பேரன் தொலைக்காட்சியில் சண்டைப்படம் ஒன்றை இரண்டு மணி நேரம் அசையாமல் பார்த்து முடிக்கிறான். வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா கேட்கிறார்: "என்னய்யா படம்?"

"சூப்பர் சண்டை தாத்தா! அந்தப் பொம்பள சுவத்துல ஓடுது. நெருப்புல குதிக்குது."

"சரி, கதை என்ன?"

பேரன் யோசிக்கிறான். தலையைச் சொறிகிறான். "கதையா? ஏதோ புதையல் தேடிப் போறாங்க தாத்தா. அப்புறம் சண்டை."

இது ஒரு வீட்டின் கதை மட்டுமா? இல்லை. படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது சண்டை நினைவில் நிற்கிறது. கதை வாசலைத் தாண்டுவதற்குள் மறந்து போகிறது. கண் நிறைந்திருக்கிறது, மனம் காலியாக இருக்கிறது. ஏன் இப்படி? இந்த வினாவுக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிலிபின் இருக்கும் இதே ஈப்போவில் பிறந்த ஒருவர் எடுத்த படமே நல்ல பாடமாக இருக்கிறது.

ஈப்போவின் மகள்

மிஷெல் இயோ 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஈப்போவில் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர். மகளுக்கு நான்கு வயதிலேயே பாலே நடனத்தில் ஆசை. அந்த ஆசையோடு இங்கிலாந்துக்குப் போய் நடனம் பயின்றார். அங்கே முதுகெலும்பில் அடிபட்டது. மேடையில் ஆடும் கனவு கலைந்தது. ஊர் திரும்பியவர் 1983இல் மலேசிய அழகியானார். பிறகு ஹாங்காங் சென்று ஜாக்கி சானுடன் ஒரு விளம்பரத்தில் நடித்தார். சினிமா வாய்ப்பு தேடி வந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் முறையாகக் குங்ஃபூ கற்று வந்தவர் அல்லர். நடனம் கற்றவர். நடனத்தில் பழகிய காலையும் இடுப்பையும் சண்டைக்குப் பயன்படுத்திக்கொண்டார். 1985இல் வந்த "எஸ் மேடம்" படத்திலிருந்து அடியும் உதையும் அவரே வாங்கினார், அவரே கொடுத்தார். 1992இல் வெளிவந்த "போலீஸ் ஸ்டோரி 3" படத்தில் ஓடும் ரயிலின் மேல் மோட்டார் சைக்கிளோடு பாய்ந்து இறங்கினார். அந்த ரயில் காட்சி படமாக்கப்பட்டது வேறெங்கும் இல்லை, கோலாலம்பூரில்தான்! 1997இல் ஜேம்ஸ் பாண்ட் படம். 2000ஆம் ஆண்டில் ஆங் லீ இயக்கிய "கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்". உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. சண்டைப்பட நடிகைக்கு அது எந்த வயது என்று சொல்லத் தேவையில்லை. பிறர் அழைக்கும்வரை காத்திருக்காமல் தாமே படம் எடுப்பது என்று முடிவு செய்தார். சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். அதன் முதல் படம் 2002இல் வந்த "தி டச்". தமிழில் சொன்னால், "தொடுதல்".

படத்தின் கதை என்ன?

தலைமுறை தலைமுறையாக அந்தரத்தில் தாவிச் சாகசம் செய்யும் ஒரு வித்தைக் குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு ஒரு பரம்பரைக் கடமை உண்டு. பழங்காலப் பௌத்தத் துறவி ஒருவரின் புனிதச் சின்னம் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் இடத்துக்கு அவர்களுடைய வித்தை தெரிந்தவர்களால் மட்டுமே போக முடியும். அதைக் காக்க வேண்டியவர்களும் அவர்களே. பணக்கார வில்லன் ஒருவன் அதை அடைய நினைக்கிறான். குடும்பத்துத் தம்பியின் காதலியைக் கடத்துகிறான். தம்பி புறப்படுகிறான். அக்காள் பின்தொடர்கிறாள். அவளோடு ஒரு காலத்தில் அதே குடும்பத்தில் வளர்ந்த பழைய காதலன், இப்போது திருட்டைத் தொழிலாகக் கொண்டவன், சேர்ந்துகொள்கிறான். பாலைவனம், மலை, கடைசியில் நெருப்பு சூழ்ந்த நிலவறை. முடிவு என்னவாக இருக்கும் என்று முதல் கால்மணி நேரத்திலேயே சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

படத்தில் பார்க்க ஒன்றும் இல்லையா? நிறைய இருக்கிறது. அதுதான் வேதனை. படத்தை இயக்கி ஒளிப்பதிவும் செய்தவர் பீட்டர் பாவ். "கிரவுச்சிங் டைகர்" படத்தின் ஒளிப்பதிவுக்காக 2001இல் ஆஸ்கார் விருது வாங்கியவர். சீனத்தின் டுன்ஹுவாங் பாலைவனத்தை அவர் காட்டும்போது மணல்மேடுகள் தங்கத்தைத் தட்டி வைத்ததுபோல் மின்னுகின்றன. வித்தைக் குடும்பம் அந்தரத்தில் பறக்கும் காட்சியில் கண்ணை இமைக்க மனம் வராது. எந்தச் சட்டத்தை நிறுத்திப் பார்த்தாலும் சுவரில் மாட்டி வைக்கலாம்.

ஆனால் சுவரில் மாட்டுவதற்குப் படம் எடுப்பதில்லை. இரண்டு மணி நேரம் மனிதர்களை உட்கார வைத்து, அவர்கள் மனத்தில் ஏதோ ஒன்றை அசைத்து அனுப்புவதற்கே எடுக்கிறார்கள்.

அதே கைகள், வேறு பலன்

இங்கே ஒரு கேள்வி எழும். ஒருவேளை சண்டைப்படம் என்றாலே கதைக்கு இடமில்லையோ? இல்லை என்பதற்குச் சாட்சி வெளியில் இல்லை. அதே நடிகை, அதே ஒளிப்பதிவாளர் இரண்டே ஆண்டுகளுக்கு முன் சேர்ந்து வேலை செய்த "கிரவுச்சிங் டைகர்" படமே சாட்சி.

அந்தப் படத்தின் முதல் சண்டையை எண்ணிப் பாருங்கள். இரவு நேரம். ஒரு வாளைத் திருடிக்கொண்டு முகமூடி அணிந்த இளம்பெண் கூரைமேல் ஓடுகிறாள். மிஷெல் இயோ நடித்த ஷு லியன் என்ற பாத்திரம் துரத்துகிறது. இளையவள் ஒவ்வொரு தடவையும் மேலே பறக்கப் பார்க்கிறாள். மூத்தவள் அவள் காலைப் பிடித்து, பாதத்தை மிதித்து, தரைக்கே இழுத்து வருகிறாள். சண்டை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் முழுப் படமும் சொல்லப்பட்டுவிடுகிறது. ஒருத்தி கட்டுப்பாடு எதுவும் வேண்டாம் என்று பறக்க நினைப்பவள். இன்னொருத்தி கடமைக்காகத் தன் ஆசையையே தரையில் மிதித்து வைத்திருப்பவள். ஷு லியனுக்கு நிச்சயிக்கப்பட்டவர் இறந்துவிட்டார். இறந்தவரின் நண்பர்மீது அவளுக்கு அன்பு உண்டு; அவருக்கும் உண்டு. இருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

பிற்பகுதியில் இந்த இரு பெண்களும் ஆயுதக்கூடத்தில் மோதும் காட்சி இன்னும் அழுத்தமானது. இளையவள் கையில் எதையும் வெட்டும் வாள். மூத்தவள் ஈட்டி எடுக்கிறாள், முறிகிறது. வேறு ஆயுதம் எடுக்கிறாள், அதுவும் முறிகிறது. ஒன்றைத் தூக்கவே முடியவில்லை. அரங்கம் சிரிக்கிறது. கடைசியில் முறிந்துபோன வாளைக்கொண்டே இளையவளின் கழுத்தருகே நிறுத்திவிடுகிறாள். வெட்டவில்லை. நிறுத்துகிறாள். அந்த இரக்கத்துக்குப் பரிசாக இளையவள் அவள் கையைக் கீறிவிடுகிறாள். யார் வென்றது? யார் தோற்றது? பார்த்தவர்கள் வீட்டுக்குப் போயும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தில் நடிக்கும்போது மிஷெல் இயோவுக்கு முழங்கால் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. மாண்டரின் மொழி சரளமாக வராததால் வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். சுமார் 1 கோடியே 70 லட்சம் அமெரிக்க டாலரில் எடுத்த படம் 20 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. பத்து ஆஸ்கார் பரிந்துரை, நான்கு விருது. சண்டை அமைப்பாளர் யுவென் வூ பிங் கம்பியில் கட்டிப் பறக்கவிட்ட வித்தையை அதன்பின் எத்தனையோ படங்கள் காப்பியடித்தன. கம்பியைக் காப்பியடிக்கலாம். அந்த இரண்டு பெண்களின் மனத்தைக் காப்பியடிக்க முடியுமா?

சிலம்பம் சொல்லும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள நம்மவர்களுக்குச் சீனக் குங்ஃபூ தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிலம்பம் தெரிந்தால் போதும். பால்மரக் காடுகளுக்கு வேலைக்கு வந்த தமிழர்கள் துணிமணியோடு கொண்டுவந்த கலைகளில் சிலம்பமும் ஒன்று. தோட்டத்துத் திடலில் மாலை நேரத்தில் வாத்தியார் கம்பு சுற்றக் கற்றுக்கொடுத்ததைப் பார்த்த பெரியவர்கள் பேராவில் இன்றும் இருக்கிறார்கள்.

சிலம்பத்தில் அலங்காரச் சிலம்பம் என்று ஒன்று உண்டு. திருவிழாவிலும் ஊர்வலத்திலும் ஆடுவது. கம்பு காற்றில் விர்ரென்று வட்டமிடும். சில நேரம் முனையில் தீப்பந்தம் கட்டியும் சுற்றுவார்கள். பார்க்கப் பார்க்கப் பரவசம். தொடுமுறைச் சிலம்பம் என்று இன்னொன்று உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆடுவது. கம்பின் நுனியில் சாயம் தோய்த்துக்கொண்டு ஆடும் வழக்கமும் உண்டு. எதிராளியின் உடலில் சாயம் எத்தனை இடத்தில் பட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. நீங்கள் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், எவ்வளவு அழகாகக் காலடி வைத்தாலும், கம்பு எதிராளியைத் தொடாதவரை ஒரு புள்ளிகூடக் கிடைக்காது.

அலங்காரம் தவறா? இல்லை. திருவிழாவில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் போட்டிக்களத்தில் இறங்கிவிட்டு அலங்காரம் மட்டும் ஆடினால் தோல்விதான். சினிமாவும் ஒரு களமே. எதிரே உட்கார்ந்திருக்கும் பார்வையாளரின் மனந்தான் தொடவேண்டிய இடம். "தொடுதல்" என்று பெயர் வைத்துக்கொண்ட படம் கடைசிவரை சுற்றிக்கொண்டே இருந்தது, தொடவில்லை.

கையில் இருந்த கதை

அந்தப் படத்துக்குக் கதை கிடைக்காமல் போகவில்லை. கையிலேயே இருந்தது! படத்தில் எல்லாரும் தேடி ஓடும் புனிதச் சின்னம் யாருடையது? யுவான் சுவாங் என்ற துறவியுடையது. பள்ளியில் வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். குரங்கு வீரன் துணையோடு மேற்கே பயணம் போகும் துறவியின் கதையைத் தொலைக்காட்சித் தொடராகப் பார்க்காத மலேசியக் குடும்பம் குறைவு. அந்தக் கதைத் துறவிக்கு மூலமாக நின்ற உண்மை மனிதர் இவர்தான்.

ஏழாம் நூற்றாண்டில், 629ஆம் ஆண்டு வாக்கில், சட்டத்தை மீறிச் சீனத்தைவிட்டுப் புறப்பட்டார். பௌத்த நூல்களை அவை பிறந்த மண்ணிலேயே தேடிக் கற்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. படத்தில் தங்கமாய் மின்னுகிறதே, அந்த டுன்ஹுவாங் பக்கத்துப் பாலைவனத்தைத் தாண்டும்போது அவர் கையிலிருந்த தண்ணீர்ப் பை தவறி விழுந்து கொட்டிப்போனது. திரும்பிவிடலாமா என்று சிறிது தூரம் திரும்பினார். பிறகு, கிழக்கே திரும்பி வாழ்வதைவிட மேற்கே போய்ச் சாவது மேல் என்று மறுபடி முகத்தை மேற்கே வைத்தார். நாலைந்து நாள் சொட்டுத் தண்ணீரில்லாமல் கிடந்து பிழைத்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி உண்டு. அவர் 640ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சிபுரத்துக்கு வந்தார். அது முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் ஆண்ட காலம். காஞ்சியைப் பற்றியும் அங்கே நூறளவு பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததைப் பற்றியும் எழுதி வைத்தார். 645இல் சீனம் திரும்பியபோது அவர் கொண்டு சென்றவை 657 நூல்கள். மீதி வாழ்நாளை அவற்றை மொழிபெயர்ப்பதிலேயே கழித்தார்.

சிந்தித்துப் பாருங்கள். ஒரு மனிதன் எதற்காகச் சாகத் துணிகிறான்? நூலுக்காக! அறிவுக்காக! இப்படிப்பட்டவரின் நினைவைக் காப்பதற்காகவே ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது என்றால், அந்தக் குடும்பத்தின் மகளுக்கு எவ்வளவு கேள்வி எழும்? "எங்கள் முன்னோர் கொடுத்த வாக்குக்காக நான் ஏன் என் வாழ்க்கையைக் கொடுக்க வேண்டும்?" என்று அவள் கேட்டிருந்தால்? "இந்தக் கடமை போதும், என்னை விட்டுவிடு" என்று தம்பி சொல்லியிருந்தால்? படம் வேறு படம். ஆனால் திரையில் அந்தப் புனிதச் சின்னம் வில்லன் துரத்துவதற்கான ஒரு பொருள். அதன் இடத்தில் ஒரு வைர மாலையை வைத்தாலும் கதை மாறாது. எந்தப் பொருளை வைத்தாலும் கதை மாறாது என்றால், அந்தக் கதைக்கு உயிர் இல்லை என்றே பொருள்.

ஏன் இப்படி ஆகிறது?

இத்தகைய படங்கள் மெலிந்துபோவதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, காட்சியை முதலில் யோசித்துக் கதையைப் பிறகு தைப்பது. பாலைவனத்தில் ஒரு சண்டை, மலைமேல் ஒரு சண்டை, நெருப்பில் ஒரு சண்டை என்று இடங்களை முடிவு செய்துவிட்டு, இங்கிருந்து அங்கே போக ஏதாவது காரணம் வேண்டுமே என்று கதையைத் தேடுவார்கள். அப்போது கதை, பஸ் டிக்கெட் போல ஆகிவிடுகிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம்.

இரண்டாவது, எல்லாரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தப் பார்ப்பது. மேல்நாட்டுச் சந்தைக்கு ஆங்கில வசனம், வெள்ளைக்காரக் கதாநாயகன், கோமாளி அடியாள். ஆசியச் சந்தைக்குக் குடும்பக் கடமை, பௌத்தம், குங்ஃபூ. இரண்டு வீட்டுக்கு விருந்து சமைக்கிறேன் என்று உப்பும் போடாமல் காரமும் போடாமல் சமைத்தால் யார் சாப்பிடுவார்?

மூன்றாவது, தோற்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவது. இதுவே தலையாயது. எந்தச் சண்டையானாலும் பார்ப்பவருக்கு மூன்று கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். யார் யாரோடு மோதுகிறார்கள்? எதற்காக? தோற்றால் எதை இழப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால் பார்வையாளர் மனத்தில் பயம் வராது. பயம் இல்லாத இடத்தில் வெற்றிக்கும் மகிழ்ச்சி இல்லை.

நம் படங்களும் விலக்கல்ல

சீனப் படத்தைச் சொல்லிவிட்டு நம் படத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2011இல் ஏ.ஆர்.முருகதாஸ் இயக்கத்தில் சூர்யா நடித்து வந்த "ஏழாம் அறிவு" மலேசியாவிலும் ஆவலோடு பார்க்கப்பட்ட படம். காஞ்சியிலிருந்து சீனம் சென்ற போதிதர்மரைக் காட்டும் தொடக்கப் பகுதி கண்ணைப் பறித்தது. ஒரு தமிழன் அயல்நாட்டு மக்களுக்கு நோய் தீர்க்கும் முறையையும் தற்காப்பையும் கற்றுத் தந்தான் என்ற எண்ணம் அரங்கத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. பிறகு? பார்வையாலேயே ஊரை வசியம் செய்யும் வில்லன், மரபணு ஆய்வு, துரத்தல், கார்கள் பறத்தல் என்று படம் ஓடியது. இன்றும் நினைவில் நிற்பது அந்தத் தொடக்கமே. காஞ்சியும் சீனமும் சேர்ந்த கதை இரண்டு தடவை கைக்கு வந்து, இரண்டு தடவையும் பாதியில் நழுவியது!

இதற்கு மாறான உதாரணம் வேண்டுமா? 1971இல் வந்த "ரிக்‌ஷாக்காரன்". எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவை மிதித்துக்கொண்டே சிலம்பம் சுற்றுகிறார். பறக்கும் கம்பி இல்லை, கணினி இல்லை. இருந்தும் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த தலைமுறை அதை மறக்கவில்லை. காரணம் என்ன? அவர் யாருக்காகக் கம்பெடுத்தார் என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கும் தெரியும். பிழைப்புக்கு மிதிக்கும் வண்டிமேல் உட்கார்ந்தே ஒரு தொழிலாளி எதிர்த்து நிற்கிறான். நாள் முழுதும் பால் வெட்டிக் களைத்தவர்கள் அந்தக் கம்பில் தங்கள் கையையே பார்த்தார்கள்.

இருபது ஆண்டு கழித்து

மிஷெல் இயோவின் கதை "தி டச்" படத்தோடு முடிந்துவிடவில்லை. 2004இல் "சில்வர் ஹாக்" என்று இன்னொரு படமும் தயாரித்து நடித்தார். அதிலும் பளபளப்பு மிகுதி, கதை குறைவு. பிறகு பிறர் படங்களில் பலவகைப் பாத்திரங்களில் நடித்தார். 2011இல் "தி லேடி" படத்தில் ஆங் சான் சூகியாக வந்தார். அதில் அடிதடி கிடையாது.

2022இல் வந்தது "எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்". இதுவும் சண்டைப்படமே. இடுப்புப் பையைச் சுழற்றி அடிக்கிறார்கள். பல உலகங்களுக்குள் தாவுகிறார்கள். விநோதத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த ஆரவாரத்துக்கு நடுவே யார் நிற்கிறார்? துணி வெளுக்கும் கடை நடத்தும், வரிக் கணக்கை ஒப்படைக்க முடியாமல் தவிக்கும், குடியேறிய குடும்பத்துத் தாய் ஒருவர். மகள் மனம் உடைந்து விலகிப் போகிறாள். கணவர் மணவிலக்குத் தாளோடு நிற்கிறார். தாத்தாவுக்குச் சோறு ஆக்க வேண்டும். தோற்றால் என்ன இழப்பு? மகள்! இந்த ஒரு விடை போதும். அதன்பின் எத்தனை உலகம் தாவினாலும் பார்ப்பவர் கூடவே தாவுகிறார்.

இறுதிச் சண்டையில் அந்தத் தாய் எதிரிகளை அடித்து வீழ்த்துவதில்லை. ஒவ்வொருவருக்கும் என்ன குறை, என்ன வலி என்று கண்டு, அதைத் தீர்த்து வைத்தே அவர்களைச் சாய்க்கிறார். அடியே அன்பாகிறது. தொடவேண்டிய இடத்தில் கம்பு தொட்டுவிட்டது.

அந்தப் படத்தின் கணினிக் காட்சிகளில் பெரும்பகுதியை ஐந்து பேர் கொண்ட சிறு குழுவே செய்தது. 2023 மார்ச்சில் படத்துக்கு ஏழு ஆஸ்கார். 60 வயதில் மிஷெல் இயோ சிறந்த நடிகைக்கான விருதை வாங்கினார். அந்த விருதை வென்ற முதல் ஆசியப் பெண் அவரே. கோலாலம்பூரில் திரையரங்கு ஒன்றில் அவருடைய தாயார் அதை நேரலையாகப் பார்த்துக் கண் கலங்கினார். பெண்களே, உங்கள் காலம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்ற கருத்தை மேடையில் அவர் சொன்னபோது, அது பேச்சுக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. நாற்பதில் தம் பெயரைப் பணயம் வைத்துத் தோற்றவர் சொன்னது அது.

சிலிபின் பிள்ளைக்கு இதில் என்ன?

ஏன் இவ்வளவு விளக்கம்? இன்று சிலிபினிலும் மெங்களம்பிலும் புந்தோங்கிலும் கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மேலே பறந்து படம் பிடிக்கும் டிரோன் வாடகைக்குக் கிடைக்கிறது. வண்ணம் கூட்ட, வேகம் குறைக்க, நெருப்பு வரவழைக்கச் செயலிகள் இருக்கின்றன. 2002இல் ஒரு ஹாங்காங் நிறுவனம் பெரும் பணம் கொட்டிச் செய்ததில் பாதியை இன்று ஓர் இளைஞன் படுக்கையறையில் உட்கார்ந்து செய்துவிடுவான். ஆகவே ஆபத்தும் அதே அளவு கூடியிருக்கிறது. அலங்காரம் மலிவாகிவிட்டது. தொடுவது மட்டும் அன்று போலவே இன்றும் கடினம்.

கதைக்குப் பஞ்சமா? 2005இல் தீபக் குமரன் மேனன் எடுத்த "செம்மண் சாலை" மிகக் குறைந்த செலவில் ஆன படம். பால்மரத் தோட்டத்துப் பெண் மேலே படிக்க ஆசைப்படுவதுதான் கதை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வந்த "ஜகாட்" தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்தில் ஒரு சிறுவன் தடம் மாறுவதைக் காட்டியது. 2016ஆம் ஆண்டின் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையும் பெற்றது. இரண்டிலும் தங்க மணல்மேடு கிடையாது. லயத்து வீடும் செம்மண் பாதையும் கம்பத்து ஓரமும் உண்டு. பார்த்தவர்கள் தங்களையே பார்த்தார்கள்.

பேராவின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாக மாறின. விடிகாலைப் பெரட்டுச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள், திடலில் கம்பு பிடித்தவர்கள், இன்று எழுபதும் எண்பதும் கடந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். எந்த வாத்தியாரிடம் கற்றார்கள், யாருக்காகக் கம்பெடுத்தார்கள், எந்த நாளில் கம்பைக் கீழே போட்டார்கள் என்பதெல்லாம் அவர்களோடு இருக்கிறது. கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் அவர்களோடு போய்விடும். பிறகு எவ்வளவு நல்ல கேமரா வாங்கினாலும் அந்தக் கதையை வாங்க முடியாது.

எனவே படம் எடுக்க நினைக்கும் பிள்ளை முதலில் கேமராவைத் துடைக்க வேண்டாம். அந்த மூன்று கேள்வியைக் காகிதத்தில் எழுதட்டும். யார்? எதற்காக? தோற்றால் என்ன இழப்பு? மூன்றாவது கேள்விக்கு விடை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கினால், கண்ணில் ஈரம் வந்தால், அப்போது படம் தொடங்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். சண்டைப்படம் பார்க்காதே என்று பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை. கூட உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் அந்தத் தாத்தா கேட்டாரே, அதே கேள்வியைக் கேளுங்கள்: "சரி, கதை என்ன?" பிள்ளை தலையைச் சொறிந்தால் கவலை வேண்டாம். அந்த இடத்தில் நீங்கள் ஒரு கதை சொல்லலாம். தோட்டத்துத் திடலும், மாலை வெயிலும், கம்பின் ஓசையும் உள்ள கதை. தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.